ரிலே அறையிலிருந்து சில ஆட்சேபங்கள்

விண்வெளியில் சத்தம் வராது.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
சொல்லாவிட்டால் எனக்குத் தலை வலிக்கும்.
காற்றில்லாத இடத்தில் கப்பல் வெடித்தால்
அது பாட்டுக்கு வெடித்துவிட்டுப் போகும்,
கொட்டுமேளம் வைத்து ஊரைக் கூட்டாது.
பத்து வயதில் சயான் கோலிவாடா வீடியோ கொட்டகையில்
எழுந்து நின்று இதைச் சொன்னேன்.
வெளியே அனுப்பினார்கள்.
இரண்டு ரூபாய் திரும்பி வரவில்லை.

வெடிகுண்டு பற்றியும் அபிப்பிராயம் உண்டு.
குர்லா ரிலே அறையில் என் பொறுப்பில்
நாலாயிரம் வயர்,
அத்தனையும் ஒரே சாம்பல் நிறம்.
உலகை அழிக்க வருகிறவனுக்கு மட்டும்
எந்தக் கடையில் கிடைக்கிறது
சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று?
வெட்ட வருகிறவர் வசதிக்கு
கொட்டை எழுத்தில் கடிகாரம் வேறு.
டெண்டர் விட்டால் அவனுக்குத்தான் கொடுப்பேன்.
எங்கள் ஒப்பந்தக்காரர் யாரும்
இத்தனை ஒழுங்காக வேலை செய்ததில்லை.

ஆயிரம் ஒளியாண்டு தாண்டி வருகிறவர்கள்
எப்போதும் அதே ஊரில் அதே பாலத்தை உடைக்கிறார்கள்.
ஒருநாள் குர்லாவில் இறங்கட்டும்,
காலை எட்டு நாற்பதுக்கு.
கதிர்த் துப்பாக்கியை எடுக்கக் கை மேலே வராது.
ஏற வேண்டாம், ஏற்றிவிடுவார்கள்.
இறங்க வேண்டாம், தாணேயில் இறக்கிவிடுவார்கள்.
மூன்று கண்ணில் ஒன்றில்
யாருடைய குடைக்கம்பியோ குத்தியிருக்கும்.
மூன்று பேர் சீட்டில் நாலாவதாக
"கொஞ்சம் தள்ளுங்க" என்று ஒட்டிக்கொண்ட பிறகு
பூமியைப் பிடிக்கும் ஆசை யாருக்கு மிஞ்சும்?

டிமெல்லோ மாயாஜாலக் கட்சி.
ஒரே ஷிப்டில் பத்தொன்பது வருஷமாகச் சண்டை.
டிராகன் பறப்பதைக்கூட விட்டுவிடுகிறேன்,
சாணி எங்கே போடுகிறது?
பதினாயிரம் பேர் மலையேறிப் போருக்குப் போகிறார்கள்,
சோறு வடித்தது யார்?
மூன்று பாகம், ஒன்பது மணி நேரம்,
ஒரு அடுப்பு புகையவில்லை.
"மந்திரம், வடிவு, மந்திரம்" என்றார்
வாய் நிறைய வடாபாவோடு.
மந்திரத்தில் வயிறு நிறையுமென்றால்
மூன்றாவது பாவ் எதற்கு என்றேன்.
இரண்டு நாள் பேசவில்லை.

பேச வைத்தது ஜூலை மழை.
இரவு ஒன்பதரைக்கு எல்லா சிக்னலும் சிவப்பு.
கன்ட்ரோல் அறை போனில் கத்துகிறது.
முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்
தண்டவாளத்தோரப் பழைய பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே,
எந்தப் புண்ணியவான் எந்தக் காலத்தில் போட்டதோ,
சிவப்பு ஒன்று. நீலம் ஒன்று.

டிமெல்லோ கையில் டார்ச் நடுங்கியது.
"நீலம். எப்போதும் நீலம்தான்."
"பாதிப் படத்தில் சிவப்பு" என்றேன்.
என் மூக்கு நுனியிலிருந்து
ஒரு சொட்டு வியர்வை
மிக மெதுவாக விழுந்தது. சத்தியமாக.
மழைத் தண்ணீர் என்கிறார் அவர்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
இரண்டு வயரும் உத்தமம்.
டெர்மினல்களுக்கு நடுவே
கருகிக் கிடந்தது ஒரு பல்லி.
வாலைப் பிடித்து எடுத்தேன்.
சிக்னல் பச்சையானது.
கடைசி நொடியில் அல்ல,
இரண்டு மணி பதினோரு நிமிஷம் தாமதமாக.
பின்னணி இசை இல்லை. யாரும் கட்டிப்பிடிக்கவில்லை.
வியாழக்கிழமை மெமோ வந்தது:
பல்லி நுழைந்ததற்கு விளக்கம் தருக.

பதிலை டிமெல்லோ எழுதிக் கொடுத்தார்.
இரண்டாவது பத்தியில்
"மேற்படி ஜந்து டிராகன் குட்டியாக இருக்கலாம்."
அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.
மனசில்லாமல்தான்.

ஞாயிற்றுக்கிழமை புதுப்படம், முலுண்டில்.
அவர் முறை முடிந்து என் முறை, ஆகவே விண்வெளி.
நாலாவது நிமிஷத்தில் ஒரு கிரகம் வெடித்தது,
நாற்காலி அதிர்ந்தது,
பாப்கார்ன் மடியில் கொட்டியது.
"சத்தம் வராது" என்றேன்.
முன்வரிசையிலிருந்து யாரோ "ஷ்ஷ்" என்றார்.

அந்த "ஷ்ஷ்" சரி.
அது காற்றில் வந்தது.